மறைத்து வைத்த மாதங்கள்

(பொன்விழாக் குடும்ப நாளில், மகளிர் பகுதியின் சார்பில் நிகழ்த்திய உரை)

 

ஐம்பது ஆண்டு கண்ட நம் சங்கத்தின் மேடையில் எல்லோரும் சாதனைகளைப் பேசினார்கள். எங்களை ஒரு சோதனையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பேசுவது ஒரு வாய்தான். பேச்சு மனைவி, மகள், மகன் ஆகிய எங்கள் மூவருடையது.

பிள்ளைகளின் அத்தா பினாங்கில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதியவர். நோன்புக் கஞ்சிச் செலவுக் கணக்கைக்கூட மனத்தாலேயே கூட்டிச் சொல்லிவிடுவார். 53 வயதில் ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் கட்டினார். காரை நிறுத்திய இடம் தெரியாமல் வீட்டுக்குப் போன் செய்தார். மஃரிபில் எத்தனை ரக்அத் தொழுதோம் என்று தடுமாறினார். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்து, "அலுப்பா இருக்கு" என்றார்.

நாங்களும் வெளியில் அப்படியே சொன்னோம். உறவினர் கேட்டால், "சுகர் கூடிப்போச்சு" என்றோம். கண்ணேறு என்று நினைத்து ஓதிப் பார்த்தோம். துஆ கேட்டதில் குறையில்லை. மருத்துவரிடம் போகாமல் இருந்ததுதான் எங்கள் குறை. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அத்தாவுக்குப் புத்தி சரியில்லை என்று பேர் வந்துவிடுமோ என்று பயந்தோம்.

கடைசியில் மருத்துவமனைக்குப் போனோம். தைராய்டு, பி12 குறைவு போன்றவை இல்லை என்று இரத்தப் பரிசோதனையில் உறுதி செய்தார்கள். மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். டிமென்ஷியா என்றார்கள். 65 வயதுக்கு முன்னரும் அது வருமாம். அங்கிருந்த சமூகப் பணியாளர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "வேலையை விட்டு எத்தனை மாதம் ஆகிறது?" என்பது.

பதினான்கு மாதம் என்றோம். அவர் உடனே ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். சொக்சோவில் 'பென்சென் இலாட்' என்ற செயலிழப்பு ஓய்வூதியம் இருக்கிறது. நோயால் வழக்கமான சம்பாத்தியத்தில் மூன்றில் ஒரு பங்குகூடச் சம்பாதிக்க முடியாதவருக்கு உரியது அது. முழு ஓய்வூதியத்துக்கு ஒரு வழி, மனு போய்ச் சேரும் மாதத்துக்கு முந்தைய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா கட்டியிருப்பது. பொதுவாக 60 வயதும் ஆகியிருக்கக் கூடாது. வேலையை விட்டதும் சந்தா நின்றுவிடும். விடாமல் சந்தா கட்டி வந்தவருக்கும் அந்த வழியில் அதன் பிறகு 16 மாதம்தான் அவகாசம். அதில் 14 மாதத்தை நாங்கள் மறைத்தே கழித்துவிட்டோம். மிச்சம் இரண்டே மாதம்!

குறைந்த ஓய்வூதியத்துக்கு வேறு கணக்கு உண்டு என்றாலும், முழுத் தொகைக்கான அந்த வாசல் எங்கள் கண் முன்னே மூடிக்கொண்டிருந்தது.

ஓடி ஓடிப் படிவங்களைச் சேர்த்தோம். மருத்துவ வாரியத்தின் முன் நிற்கும் நாள் வந்தது. அத்தா இஸ்திரி போட்ட சட்டையும் சொங்கோக்கும் அணிந்து வந்தார். மருத்துவர் நலம் கேட்டதற்கு, "நல்லா இருக்கேன்" என்று சிரித்தார். இன்று என்ன கிழமை என்றதற்கு, "வெள்ளி, ஜும்ஆவுக்குப் போகணும்" என்றார். அன்று செவ்வாய்க்கிழமை. சட்டைப் பொத்தானை நாங்கள் போட்டுவிட்டதையும், அடுப்பை அணைக்க மறந்ததையும், சொந்தத் தெருவிலேயே வழி தவறியதையும் அவரை உட்கார வைத்துக்கொண்டே சொல்ல வேண்டியிருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். திரும்பி வரும்போது காரில், "நான் ஏதும் தப்பு செஞ்சிட்டேனா?" என்று கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

அதனால்தான் சொல்கிறோம். வீட்டில் நடப்பதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வாரியத்திடம் அதைக் கொடுத்துவிட்டால், அவர் காதுபட எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிராது. வாரியம் மறுத்தால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

எங்கள் மனு ஏற்கப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ். இது சதக்கா அல்ல. மாதாமாதம் அவர் சம்பளத்தில் பிடித்ததும், அவருக்காக முதலாளி கட்டியதும் சேர்ந்த சந்தாவின் பலன். கை நீட்டுகிறோமே என்ற கூச்சம் எங்களுக்கும் இருந்தது. இப்போது இல்லை.

இன்னும் சிலவற்றையும் சொல்லியாக வேண்டும். இனி வேலை செய்யவே இயலாது என்று சான்று கிடைத்தால், ஊழியர் சேமநிதியில் உள்ள சேமிப்பை முழுவதும் எடுக்கலாம். சமூக நல இலாகாவின் ஓகேயு அட்டைக்கும் மருத்துவரிடம் கேளுங்கள். நம்மில் பலர் சொந்தக் கடை வைத்திருப்பவர்கள். கடை உரிமையாளருக்கு இந்த ஓய்வூதியம் கிடையாது. அவர்கள் கடைப் பொறுப்பையும் வங்கிக் கணக்கையும் தெளிவு இருக்கும்போதே குடும்பத்தோடு பேசி ஒழுங்கு செய்துவிட வேண்டும். தெளிவு போன பிறகு அவர் பெயரில் உள்ள சொத்தைக் கையாள, 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டிவரும்.

மாப்பிள்ளை வீட்டாரிடமும் உண்மையைச் சொன்னோம். சம்பந்தி அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க பெரியம்மாவும் இப்படித்தாம்மா இருந்தாங்க" என்றார். இதற்காகவா இத்தனை மாதம் பயந்தோம்?

இந்த மலரை வாசிக்கும் ஏதோ ஒரு வீட்டில், இன்றைக்கும் "சுகர்தான்" என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். அந்த வீட்டார் எங்களிடம் வாருங்கள். படிவத்தை நிரப்ப உங்கள் பக்கத்தில் உட்காருவோம். மாதங்களை மட்டும் மறைத்துக் கழித்துவிடாதீர்கள்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபாவையும், பார்த்துக்கொள்பவர்களுக்குப் பொறுமையையும் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.