மருந்து ஏறும் முன்பே ஒரு பேச்சு

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கிலிருந்து ரயிலேறிப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போகும் இளையருக்கு உயிர் பிழைப்பதே முதல் கவலை. "பிறகு பிள்ளை பிறக்குமா?" என்ற கேள்வி வாய்வரை வந்து நின்றுவிடும்.

கீமோதெரபி மருந்துகள் சில, கருமுட்டைகளையும் விந்தணு உற்பத்தியையும் பாதிக்கக்கூடியவை. விந்தணுவைச் சேமிக்க ஓரிரு நாள் போதும். கருமுட்டை எடுக்க ஏறத்தாழ இரண்டு வாரம் வேண்டும். பேச்சைத் தள்ளிப்போட்டால் வாய்ப்பே நழுவிவிடும்.

நோயாளியின் பக்கத்தில் அதிக நேரம் இருப்பவர்கள் தாதியர். பெற்றோர் அருகில் இருக்கையில் வாய் திறக்காத பிள்ளையிடம் தனியாக எப்படிப் பேசுவது? செலவை, சமய நம்பிக்கையை எப்படிக் கேட்பது? இதைக் கற்பிக்கவே, அமெரிக்காவின் மோஃபிட் புற்றுநோய் மையத்தில் அப்போது பணியாற்றிய க்வெண்டலின் குயின், சூசன் வடபரம்பில் உள்ளிட்டோர் தாதியருக்காக 'என்ரிச்' என்ற எட்டு வார இணையப் பயிற்சியை உருவாக்கினர்.

சிங்கப்பூரில் 2023 ஜூலை 1 முதல், 21 முதல் 37 வயதுவரையுள்ள பெண்கள் மருத்துவக் காரணமின்றியும் கருமுட்டையை உறைநிலையில் சேமிக்கலாம். கீமோதெரபி போன்ற காரணங்களுக்கு அதற்கு முன்பே அனுமதி உண்டு. சேமித்ததைப் பயன்படுத்தச் சட்டப்படி மணமாகியிருக்க வேண்டும்.

சிகிச்சைத் தேதி குறிக்கப்பட்ட குடும்பத்தினர், முதல் மருந்துக்கு முன்பே தாதியிடம் இதைக் கேட்டு, கருத்தரிப்பு மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்துகொள்ளலாம்.