மலைக் கடுக்காயும் மனிதத் தோலும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைமேல் ஏறினால் வெள்ளிமலையை அடையலாம். கல்லூரியொன்றில் வேதியியல் கற்பித்து வந்த நான், சில ஆண்டுகளுக்கு முன் தை மாதத்தில் மாணவர் சிலருடன் அங்கே சென்றிருந்தேன். மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள், காட்டிலிருந்து கொணர்ந்த கடுக்காயை முற்றத்தில் உலர்த்தியிருந்தார்கள். பெயரைக் கேட்டு இவர்களைக் கேரளத்தார் என்று மயங்கிவிடாதீர்கள்; இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்.

எங்களுடன் வந்த மாணவர்களுள் ஒருவன் பிறவியிலேயே தோலில் நிறமி இல்லாதவன். அரைமணி நேர வெயிலில் அவன் கன்னம் சிவந்துவிடும். அவன் ஒரு கடுக்காயைக் கையில் எடுத்து, "ஐயா, இதில் ஆக்சிஜனேற்றத் தடைப்பொருள்கள் மிகுதி என்று தாங்கள்தானே பாடம் நடத்தினீர்கள்? இதை அரைத்துப் பூசிக்கொண்டால் வெயில் களிம்பு வேண்டியதில்லை அல்லவா? மாதாமாதம் களிம்பு வாங்கி வீட்டில் கட்டுபடியாகவில்லை" என்றான்.

மற்றவர்களுக்கு இது முகப்பொலிவு பற்றிய கேள்வி. அவனுக்கோ, பிற்காலத்தில் தோற்புற்று வருமா, வராதா என்ற கேள்வி. ஆகவே வாயில் வந்த விடையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விடையில் பாதி, தோல் பதனிடுவோர் கையிலேயே இருக்கிறது. நம் நாட்டுப் பழைய முறையில் ஆவாரம்பட்டைச் சாற்றில் தோலைப் பதனிடுவார்கள். அவ்வாறு பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் நாளடைவில் சிவந்துவிடும். அதைத் தடுப்பதற்காகவே இறுதியில் கடுக்காய்ச் சாற்றிலும் ஊற வைத்தார்கள். ஒளியால் விளையும் கேட்டைக் கடுக்காய் தடுக்கும் என்பதற்கு இதைவிடக் கண்கண்ட சான்று வேண்டுமா?

இதைக் கேட்டு அவன் முகம் மலர்ந்தது. ஆனால், அதே தொழிலாளி முதலில் என்ன செய்கிறார்? தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் இட்டு, மயிரையும் மேற்றோலையும் அறவே நீக்கிவிடுகிறார். அதன் பின்னரே சாறு நாட்கணக்கில் உள்ளே ஊறுகிறது. உயிருள்ள நமக்கு மேற்றோலை யார் உரிப்பது?

நம் மேற்றோலின் புறத்தே, மயிரிழையின் பருமன்கூட இல்லாத ஓர் உயிரற்ற படலம் உண்டு. தட்டையான இறந்த செல்கள் செங்கற்களைப் போலவும், அவற்றிடையே கொழுப்பு சாந்தைப் போலவும் அமைந்த சுவர் அது. மூலக்கூறு எடை ஏறத்தாழ 500-ஐத் தாண்டிய பொருள்கள் இச்சுவரைக் கடப்பது அரிது என்று 2000-ஆம் ஆண்டில் இரு அறிஞர்கள் எடுத்துக்காட்டினர். கடுக்காயின் செபுலினிக் அமிலத்திற்கு எடை 956. அதிலுள்ள காலிக் அமிலம் 170 எடைதான். ஆயினும் நீரை நாடும் அப்பொருளைக் கொழுப்புச் சாந்து எளிதில் விடுவதில்லை. வைட்டமின் சி-யின் கதையும் இதுவே. களிம்பை நல்ல புளிப்புத் தன்மையுடன் ஆக்கினாலன்றி அது உள்ளே புகாது.

புகுந்தால் பயன் உண்டு. புற ஊதாக் கதிர் தோலில் தூண்டிவிடும் தனியுறுப்புகள் செல்லின் கொழுப்பையும் மரபுப் பொருளையும் தாக்கும். தடைப்பொருள் தன் எலக்ட்ரானை ஈந்து அவற்றை அடக்கிவிடும். ஆனால் கொடுத்தபின் அது தீர்ந்துபோகும். கதிரையே மறிக்கும் வேலை வேறு. காலிக் அமிலம் மிகுதியாகக் கதிரை உறிஞ்சுவது 270 நானோமீட்டர் அளவில். அக்கதிரையோ வானத்து ஓசோனே தடுத்துவிடுகிறது! நம்மைச் சுடுவது 290-க்கு மேற்பட்டது. வராத திருடனுக்குக் காவல் வைப்பது போன்றது இது.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். ஒரே குழாய்க் களிம்பில், கதிரை மறிக்கும் பொருள் தோலின் மேலேயே நிற்கவேண்டும். தடைப்பொருளோ உள்ளே இறங்கவேண்டும். துத்தநாக ஆக்சைடுத் துகள் பெரும்பாலும் மேலேயே நின்றுவிடுகிறது. ஆக்சிபென்சோன் போன்றவை அப்படியல்ல. 2019-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தினர் 24 பேருக்கு நான்கு நாள் களிம்பு பூசிச் சோதித்தபோது, அவை இரத்தத்திலும் காணப்பட்டன. அதனால் தீங்கு என்று அவர்கள் முடிவு கூறவில்லை. மேலும் ஆராயவேண்டும் என்றனர், களிம்பைக் கைவிட வேண்டாம் என்றும் கூறினர்.

இவ்வளவையும் அவனிடம் சொல்லி, "கடுக்காயை நம்பி வெயிலில் நிற்காதே. அகன்ற தொப்பி, முழுக்கைச் சட்டை, நிழல் ஆகியவற்றால் முக்கால் பங்கு காவல் கிடைக்கும், செலவும் குறைவு. மூட முடியாத முகத்திற்கும் கழுத்திற்கும் புறங்கைக்கும் மட்டும் களிம்பைத் தாராளமாகப் பூசு, வெளியில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை மீண்டும் பூசு" என்றேன். உடலெங்கும் பூசாமல் இப்படிச் செய்தால் குழாய் பல நாள் வரும் என்பது அவனுக்கே கணக்காயிற்று.

எங்களுக்குக் கடுக்காய் காட்டிய பெரியவர் தம் தலைத்துண்டை அவிழ்த்து அவனிடம் நீட்டினார். அவன் அதைத் தலையோடு கழுத்தும் மறையக் கட்டிக்கொண்டான். கையிலிருந்த கடுக்காயை மட்டும் அவன் திருப்பித் தரவில்லை.

"இது அம்மாவின் வயிற்றுக்கு ஆகட்டும், ஐயா" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.