அப்டேட்டுக்குப் பிறகு சேவை நிற்பது ஏன்?

(பண்ருட்டியில் இ-சேவை பயன்படுத்துவோரிடையே ஆற்றிய உரை)



நம்ம பண்ருட்டியில் பலா சீசனோடு சேர்ந்தே கல்லூரிச் சேர்க்கையும் வந்துடும். வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் என்று எல்லோரும் போனும் கையுமா நிற்கிற நேரம். அப்போ திரையில் "பராமரிப்புப் பணி, பிறகு முயலவும்" என்று வந்தால் வயிறு கலங்கும். விண்ணப்பம் போச்சா? பணம் போச்சா?

இப்படி நிற்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அதில் ஒன்றை மட்டும் சொல்றேன்.

உலகின் பெரும்பாலான இணைய சர்வர்கள் லினக்ஸில் ஓடுகின்றன. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. இவற்றில் மென்பொருள் வேறு, அதன் அமைப்புக் கோப்பு வேறு. தரவுத்தளம் எங்கே இருக்கு, யாருக்கு அனுமதி என்று நிர்வாகி எழுதிவைத்த குறிப்புதான் அமைப்புக் கோப்பு.

வீட்டுச் சுவரில் பால் கணக்கு எழுதியிருக்கோம். வெள்ளையடிக்க வந்தவர் கேட்காமல் பூசிட்டா சுவர் பளிச், கணக்கு போச்சு. அப்டேட்டில் புதிய கோப்பு பழையதன் மேல் விழுந்தாலும் அதே கதைதான். சர்வர் ஓடும், ஆனா தரவுத்தளத்துக்கு வழி தெரியாது.

டெபியன் கேட்டுத்தான் பூசும். நிர்வாகியும் கோப்பை மாற்றியிருந்து, புதிய பதிப்பிலும் அது மாறியிருந்தால், எதை வைத்துக்கொள்ள என்று நிறுத்திக் கேட்கும். வெறும் என்டர் தட்டினால் பழையதே இருக்கும். புதியதைத் தேர்ந்தாலும் பழையது 'டிபிகேஜி-ஓல்ட்' என்ற பின்னொட்டோடு பக்கத்திலேயே இருக்கும். ரெட்ஹேட் வகையில் கேள்வி வராது. மாற்றிய கோப்பை 'ஆர்பிஎம்சேவ்' என்றோ, புதியதை 'ஆர்பிஎம்நியூ' என்றோ ஒதுக்கி வைக்கும்.

பழையதையே வைத்துக்கொண்டால் போதுமா? போதாது. பழைய வரி புதிய பதிப்புக்குப் புரியாமல் போகலாம். அதனால்தான் முதலில் நகல் எடுத்து, சோதனை சர்வரில் பார்த்து, இரண்டு கோப்பையும் ஒப்பிட்ட பிறகே மக்கள் சேவையில் கை வைக்கணும்.

இப்போ நமக்கு வேண்டியது. அமைப்புக் கோப்பு என்பது வழிகாட்டிப் பலகை. பலகை விழுந்தால் ஊர் அழிஞ்சிடாது. உங்க விண்ணப்பம் தரவுத்தளத்தில்தான் இருக்கு. எனவே பதறி இரண்டாம் முறை பணம் கட்டாதீங்க. விண்ணப்ப எண்ணையும் ரசீதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. சேவை திரும்பியதும் அந்த எண்ணில் நிலையைப் பாருங்க. தீரலைன்னா 1100-க்கு அழைத்துப் புகார் சொல்லுங்க.

முக்கியமா, கடைசி நாள் வரைக்கும் காத்திருக்காதீங்க. சர்வரைச் சரிசெய்ய ஒரு மணி நேரம் போதலாம். முடிந்துபோன தேதி திரும்பி வராது.