விட்டு வந்தவரின் வழக்கு

(தேவாரம் ஊரவர் முன் நிகழ்த்துதற்கென அமைந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தேவாரத்து உழவர் பெருமக்களே! வணிகர்களே! தமிழ் பயிலும் இளையோரே!

ஒரு வீட்டிலேயே பிறந்து, அவ்வீட்டிலேயே வாழ்ந்து முடிபவன் அதனைப் பற்றி மிகுதியாகப் பேசுவதில்லை. அவ்வீட்டிற்குள் என்றும் நுழையாதவனும் பேசுவதில்லை. அதனை விட்டு வெளியேறியவனே அதனைப் பற்றி ஓயாது பேசுகின்றான். அதன் கூரையில் எங்கே ஒழுகும், எந்தப் படி வழுக்கும் என்பதையெல்லாம் அவனே அறிவான். சமயங்களின் வரலாறும் இத்தகையதே. ஒரு நெறியைத் துறந்து வந்தவர் தம்முள்ளும், தாம் துறந்து வந்தாரோடும் நிகழ்த்திய சொற்போர்கள் தமிழ்ச் சமய வரலாற்றின் ஒரு பெரும் பகுதியாகும். அச்சொற்போர் எப்போது அறிவை வளர்த்தது, எப்போது குருதியை வேண்டிற்று என்பதே இவ்வுரையின் பொருள்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இவ்வூரினின்று பண்ணைப்புரம், கோம்பை வழியாக உத்தமபாளையம் செல்வோர் அங்குள்ள கருப்பணசாமி பாறையைக் கண்டிருக்கலாம். அப்பாறையின் முகத்தில் சமணத் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அருகே வட்டெழுத்துப் பொறிப்புகள் உள்ளன. உருவம் செய்வித்தாருள் அச்சணந்தி என்னும் அடிகளின் பெயர் அவற்றில் காணப்படுகின்றது. ஆனைமலை, அழகர்மலை, ஐவர்மலை முதலிய இடங்களிலும் அதே பெயர் உண்டு. கி.பி. 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை இவை. இன்று அப்பாறை ஒரு காவல் தெய்வத்தின் பெயரால் வழங்குகின்றது. அன்று அங்கு வழிபட்டவரின் கால்வழியினர் எங்கே சென்றனர்? வானத்திற்குப் பறந்தாரல்லர். இம்மண்ணின் மக்களோடு மக்களாகக் கலந்து, வேறு கோயிலின் வாயிலில் நின்றனர், அவ்வளவே.

இவ்வூரின் பெயரும் மூவர் பாடிய திருப்பதிகத் தொகையின் பெயரும் ஒலியால் ஒன்றே. அம்மூவருள் மூத்தவரான நாவுக்கரசர் சமணத்தை விட்டு வந்தவர். திருவாமூரில் மருள்நீக்கியாராகப் பிறந்து, பாடலிபுரத்துச் சமணப் பள்ளியிற் சேர்ந்து, தருமசேனர் என்னும் பெயரோடு அங்குத் தலைமை பெற்றவர். இப்பாடலிபுரம் வடநாட்டு நகரமன்று. இன்றைய கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூர். கி.பி. 458-லேயே உலோகவிபாகம் என்னும் சமண நூல் எழுதப்பட்ட பேரிடம் அது. சூலை நோய் வருத்த, தமக்கையார் திலகவதியாரை நாடித் திருவதிகைக்கு மீண்டு, சிவனியத்தைத் தழுவினார் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி.

அவருடைய பாடல்களில் சமணரைப் பழிக்கும் இடங்களை உற்று நோக்குக. தலைமயிர் பறித்தல், நின்றுகொண்டே உண்ணுதல், பாய் உடுத்தல், பீலி ஏந்துதல் என ஒவ்வொன்றையும் பெயர் சுட்டிப் பழிக்கின்றார். வெளியே நின்று ஏசுபவனின் பொதுவான ஏச்சன்று அது; உள்ளே வாழ்ந்தவரின் நுட்பமான ஏச்சு. அதனோடு, அங்குக் கழித்த நாள்களை எண்ணி எண்ணி இரங்கும் குரலும் அவர் பாடல்களில் உண்டு. சினத்திற்குப் பின்னே இரக்கம், இரக்கத்திற்குப் பின்னே வெட்கம். விட்டு வந்தவரின் உள்ளம் அனைத்திற்கும் இது பொது.

அவரை ஒறுத்த பல்லவ வேந்தனும் பின்னர் அதே வழியில் சமணத்தை விட்டு வந்தான் என்பர். அவன் முதலாம் மகேந்திரன் என்பது ஆய்வாளர் பலரின் துணிபு. வேற்று நெறியினின்று அவன் திரும்பிய செய்தியைத் திருச்சிராப்பள்ளி மலைக் கல்வெட்டும் குறிப்பாகச் சுட்டுகின்றது. ஆனால், விட்டு வந்த புலவர் செய்ததற்கும் விட்டு வந்த வேந்தன் செய்ததற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். புலவர் பாடினார், வேந்தனோ, பாடலிபுரத்துப் பள்ளிகளை இடித்து, அக்கற்களைக் கொண்டு திருவதிகையில் கோயில் எடுத்தான் எனப் பெரியபுராணமே பெருமையாக உரைக்கின்றது. முன்னவர் கையில் இருந்தது சொல். பின்னவன் கையில் இருந்தது கடப்பாரை.

மதுரையில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படுவது இதனினும் கொடிது. சமணத்தைத் தழுவியிருந்த பாண்டியன் நெடுமாறன் ஞானசம்பந்தரால் சிவனியத்திற்கு மாறினான். அனலிலும் புனலிலும் ஏடிட்டு நிகழ்ந்த போட்டியில் தோற்ற சமணர் எண்ணாயிரவர் கழுவேற்றப்பட்டனர் என்பது கதை. வருசநாட்டு மலையில் பிறந்து இம்மாவட்டத்து நீரையெல்லாம் சேர்த்துக்கொண்டு மதுரைக்கு இறங்கும் வையையே அப்புனல் போட்டிக்குக் களமாயிற்று என்பர்.

இக்கதை எத்துணை உண்மை? சம்பந்தர் தம் பாடல்களிற் சமணரைப் பலகால் கடிந்துரைக்கின்றார். கழுவேற்றத்தை அவர் பாடினாரல்லர். அக்காலத்துக் கல்வெட்டு எதுவும் அதனைக் கூறவில்லை. சமண நூல்களும் அத்தகைய பேரிழப்பைப் பதிந்து வைக்கவில்லை. நானூறு ஆண்டுகளுக்குப் பிற்பட்ட நம்பியாண்டார் நம்பியும், அவர்க்கும் பிற்பட்ட சேக்கிழாருமே அதனை விரித்துரைக்கின்றனர். ஏழாம் நூற்றாண்டில் பாண்டி நாட்டுச் சமணம் வேரோடு அறுக்கப்பட்டிருந்தால், ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் மதுரையைச் சூழ்ந்த மலைகளிலும் உத்தமபாளையத்துப் பாறையிலும் திருவுருவம் செதுக்கியவர் யார்? பொருள் கொடுத்தவர் யார்? உத்தமபாளையத்துப் பாறை வாய் திறவாமலே அக்கதைக்கு விடை கூறிக்கொண்டிருக்கின்றது.

எனினும், கதை பொய்யாயின் கவலையும் தீர்ந்தது எனக் கூறிவிட இயலாது. எண்ணாயிரவரைக் கழுவேற்றினோம் என்பதைப் பெருமையாக நினைக்கும் ஒரு கூட்டம் பிற்காலத்தில் இருந்தது. மதுரைப் பெருங்கோயிலின் பொற்றாமரைக் குளச் சுற்றில் அதனை ஓவியமாகத் தீட்டி மகிழ்ந்தது. செய்யாத கொலையைச் செய்ததாகச் சொல்லிப் பெருமை கொள்வதும் ஒரு நோயே. சொற்போரில் வென்றவனுக்கு அவ்வெற்றியே போதும். தோற்றவனின் குருதியையும் சேர்த்துக் கேட்பவனுக்குத் தன் வெற்றியில் ஐயம் உள்ளதென்றே பொருள்.

இதற்கு மாறான மரபொன்றும் தமிழில் உண்டு. மணிமேகலைக் காப்பியத்தில் புகார் நகரத்து இந்திர விழா அறிவிப்பைக் காண்க. வழக்காடும் திறத்தார் பட்டிமண்டபம் ஏறுக என அழைக்கும் அவ்வறிவிப்பு, பகைவரோடாயினும் சினமும் கலகமும் கொள்ளாது அகலுக என்றும் பணிக்கின்றது. வழக்காடுக, அடித்துக்கொள்ளாதே. இவ்விரண்டு நெறியையும் ஒருசேரச் சொன்ன நாடு இது.

அவ்வழியில் வந்தவள் குண்டலகேசி. கொல்ல முயன்ற கணவனை மலையினின்று தள்ளிய பின், சமணத் துறவியாகி, ஊர்தோறும் சென்று நாவற்கிளையை நட்டு, வல்லவர் வந்து வாதிடுக என அறைகூவியவள். சாரிபுத்தரிடம் தோற்றபோது சமணத்தை விட்டுப் புத்த நெறியை ஏற்றாள். அவளைத் தலைவியாக்கி நாதகுத்தனார் ஒரு காப்பியம் செய்தார். அதற்கு விடையாகச் சமணர் நீலகேசியைச் செய்தனர். அதன் தலைவி குண்டலகேசியைத் தேடிச் சென்று வாதிட்டு வெல்கின்றாள். மொக்கலன் முதலிய புத்தரையும், ஆசீவகரையும், வேதநெறியாரையும், உலகாயதரையும் ஒவ்வொரு படலத்தில் எதிர்கொள்கின்றாள்.

இதில் வியத்தற்குரியது ஒன்றுண்டு. குண்டலகேசிக் காப்பியம் இன்று முழுமையாக இல்லை. சிதறிய சில பாடல்களே எஞ்சின. அந்நூலின் போக்கு எத்தகையது என அறிய விரும்புவோர்க்கு, அதனை மறுக்க எழுந்த நீலகேசியும் அதன் உரையுமே பெருந்துணை. எதிரியின் கூற்றைத் திரிக்காமல் எடுத்து வைத்துப் பின் மறுத்தமையால், மறுத்தவர் நூலே மறுக்கப்பட்டவர் நூலுக்குக் காப்பாயிற்று. நேர்மையான சொற்போர் எதிரியையும் வாழவைக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

நூலோர் வழக்கை விடுத்து, எளிய குடும்பங்களின் வழக்கிற்கு வருவோம். 1906-இல் வெளிவந்த தென்னார்க்காட்டு மாவட்டச் சுவடி ஒரு செவிவழிச் செய்தியைப் பதிந்துள்ளது. 1478 அளவில் செஞ்சியை ஆண்ட ஒருவன் சமணர் குடியில் பெண் கேட்டான். தம்மினும் தாழ்ந்த குலத்தானுக்குப் பெண் தரலாகாது எனக் கருதிய அவர்கள், தருவதாக ஒப்பி, மணநாளில் வீட்டை வெறிதாக்கித் திண்ணைத் தூணில் ஒரு பெண்நாயைக் கட்டிவிட்டு அகன்றனர். வெகுண்ட அரசன் சமணரின் தலைகளைக் கொய்யப் பணித்தான். சிலர் மாண்டனர், சிலர் ஓடினர், பலர் பூணூலைக் களைந்து நெற்றியில் நீறு பூசிச் சிவனியராயினர். பின்னர்த் தாயனூர்க் காங்கேய உடையார் என்பார், சரவணபெளகுளாவில் பயின்ற வீரசேனாசாரியரை அழைத்து வந்து, ஊர் ஊராகச் சென்று நீறு பூசியவரைப் பழைய நெறிக்கு மீட்டார். உடையாரின் வழியினர்க்கு விழாக்களில் முதல் வெற்றிலை தரும் வழக்கத்தையும் அச்சுவடி குறிக்கின்றது. மீளாதவரும் உண்டு, நீறுபூசி வேளாளர் என்னும் பெயர் அவர்களிடம் நின்றுவிட்டது.

இச்செய்தியில் எண்ணற்குரியவை இரண்டு. அரசன் செய்தது கொடுமை, ஐயமில்லை. ஆயின், எவ்வுயிர்க்கும் தீங்கெண்ணலாகாது என்னும் நெறியை மேற்கொண்டவரும் குலவேற்றுமையை விட்டாரில்லை. கடவுளை மாற்றுவது எளிதாயிருந்தது. குலச்செருக்கை மாற்றுவது அரிதாயிருந்தது. இது முதலாவது. இரண்டாவது, அச்சத்தால் வந்த மாற்றம் உள்ளத்தைத் தொடுவதில்லை. கத்தி நீங்கியவுடன் பலர் திரும்பினர். வாளால் கூட்டிய கூட்டம் வாள் உறைக்குள் சென்ற மறுநாளே கலையத் தொடங்கும்.

அண்மைக் காலத்திலும் இத்தகைய வழக்கு நிகழ்ந்ததுண்டு. திருநெல்வேலிச் சீமையில் நாசரேத்துக் கிறித்தவ சபையில் பணியாற்றிய அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை, வெள்ளைக் குருமாரோடு முரண்பட்டு வெளியேறி, 1857-இல் தனிச்சபை கண்டார். மூக்குப்பீறி அதன் நடுவிடமாயிற்று. அவர்கள் இயேசுவை விட்டாரல்லர். ஐரோப்பியரின் தலைமையை விட்டனர். ஓய்வுநாள் ஞாயிறன்று, காரிக்கிழமையே என மறைநூலைக் காட்டி வழக்காடினர். எந்த நூலை வெள்ளையர் கையில் கொடுத்தனரோ, அந்த நூலைக் கொண்டே வெள்ளையரை மடக்கினர். ஒரே தெருவில் ஒரு வீட்டார் காரியன்றும், மறு வீட்டார் ஞாயிறன்றும் ஓய்ந்திருக்கும் நிலை வந்தபோது, சமயம் என்பது நூலில் மட்டும் இல்லை, அடுப்பெரியும் நாளிலும் இருக்கின்றது என்பது விளங்கும்.

விட்டு வந்தவரின் வழக்கு பெரும்பாலும் கடவுளைப் பற்றியதன்று. எந்நாள் ஓய்வது, என்ன உண்பது, பெண்ணை எங்குக் கொடுப்பது, இறந்தாரை எங்குப் புதைப்பது, பிள்ளைக்கு என்ன பெயரிடுவது என்பவையே நாள்தோறும் எழும் வழக்குகள். பழைய வீட்டினின்று எடுத்து வரத்தக்கது எது, விட்டொழிக்கத்தக்கது எது என்பதில் அண்ணனும் தம்பியும் ஒத்த கருத்தினராவதில்லை. அதில் தவறுமில்லை.

தவறு வேறிடத்தில் உள்ளது. எடுத்து வந்ததை எடுத்து வந்ததாக ஒப்புக்கொள்ளாமையே தவறு. புலால் இல்லாத உணவைத் தமிழர் இன்று சைவ உணவு என்கின்றனர். கண்ணப்பர் இறைவனுக்கு ஊனைப் படைத்தார் என்பது சிவனியரே போற்றும் வரலாறு. ஊனுண்ணாமையை இந்நாட்டில் ஊர்தோறும் வற்புறுத்தியவருள் முதன்மையர் சமணர். ஒழுக்கம் அவருடையது, பெயர் வேறொருவருடையதாயிற்று. பிள்ளைகள் பயிலும் இடத்தைப் பள்ளி என்கின்றோமே, அது சமண புத்தத் துறவியர் உறைவிடத்தின் பெயர். நன்னூலைத் தந்த பவணந்தி சமணர். யாப்பருங்கலக் காரிகையைத் தந்த அமிதசாகரர் சமணர். சிந்தாமணியைத் தந்த திருத்தக்கதேவரும் சமணர். சமணத்தை இகழ்ந்து வெண்பாப் பாட விரும்பும் புலவனும் சமணர் எழுதிய யாப்பிலக்கணத்தைக் கற்றே பாட வேண்டும்.

இதனை உணர்ந்து நடந்தவர் உ.வே. சாமிநாதர். சிவனியப் பற்று மிக்க அவர், சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்தபோது, பொருள் விளங்காத இடங்களைக் குடந்தைச் சமணர் இல்லங்களுக்குச் சென்று கேட்டுத் தெளிந்தார். 1887-இல் அந்நூல் அச்சேறியது. அவர் தம் நெறியை மாற்றிக்கொள்ளவில்லை, அவர்களும் மாறவில்லை. இடையே தமிழ் வாழ்ந்தது.

பெருமக்களே! இப்பள்ளத்தாக்கில் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் அடுத்தடுத்து உள்ளன. ஒரு குடும்பத்திலேயே ஒருவர் ஒன்றை விட்டு மற்றொன்றிற்குச் செல்வதும், எதனையும் ஏற்காதிருப்பதும், சென்றவர் மீள்வதும் இனியும் நிகழும். செல்பவரைத் தடுக்கவும் மீள்பவரை இகழவும் எவர்க்கும் உரிமையில்லை. விட்டு வந்தவர் வழக்காடட்டும். விடாதவரும் விடை கூறட்டும். ஆனால், நீலகேசியைப் போல எதிரியின் சொல்லைத் திரிக்காது எடுத்துரைத்து வழக்காடட்டும். வழக்கு முடிந்தபின் ஒரே கிணற்று நீரை அருந்தட்டும். ஒரு வீட்டுச் சாவிற்கு மறு வீட்டார் தோள் கொடுக்கட்டும்.

அடுத்த முறை உத்தமபாளையம் செல்வோர், அப்பாறையின் முன் சிறிது நேரம் நின்று வருக. பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்க. அவ்வுருவங்கள் யாருடையவை எனக் குழந்தை கேட்டால், யாரோ அயலாருடையவை எனக் கூறாதிருங்கள். நம் முன்னோருள் ஒரு சாரார் வணங்கியவை எனக் கூறுங்கள். அதுவே உண்மை, அதுவே போதும்.