நிற்கிற வண்டிக்கும் செலவுண்டு



கொடும்பாளூர் மூவர் கோவிலில் இன்று இரண்டு விமானங்கள்தான் மிச்சம். அதைக் கட்டிய இருக்குவேள் மரபுச் சிற்றரசன் பூதி விக்கிரமகேசரி கோவிலோடு நிற்கவில்லை. ஒரு மடம் அமைத்து, அங்கே 50 துறவிகள் உண்பதற்கு 11 ஊர்களைக் கொடுத்தான் என்கிறது கல்வெட்டு. கட்டடம் ஒருமுறைச் செலவு, சோறு அன்றாடச் செலவு. அந்தக் கணக்கு அவனுக்குத் தெரிந்திருந்தது. நாம்தான் புது வண்டிக்குக் கொடியசைத்த கையோடு அதன் அன்றாடச் செலவை மறந்துவிடுகிறோம்.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது. ஓட்டுவது ஒரு நிறுவனம், பணம் அரசுடையது. ஏறுகிறவரிடம் காசு கேட்பதில்லை. திருச்சி–மதுரை நான்குவழிச் சாலையோரம் வாழும் உங்களுக்கு அதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஷிப்ட் மாறும் நேரத்தில் அந்த வண்டியை எட்டிப் பாருங்கள். பின்னால் இருக்கும் மருத்துவ உதவியாளர் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து முள்ளைப் பார்ப்பார், குளுக்கோஸ் பாட்டில்களை எண்ணுவார். பைலட் என்று அவர்கள் சொல்லும் ஓட்டுநர் டயரைத் தட்டிப் பார்ப்பார். பிறகு காத்திருப்பார்கள். அழைப்பே வராமல் விடிகிற இரவும் உண்டு. தணிக்கைக்காரர் கண்ணுக்கு அது வீண்செலவு. ஓடிய கிலோமீட்டருக்கு மட்டும்தான் பணம் என்று கணக்குப் போட்டால், வண்டி மெல்ல நகரத்துக்கு நகர்ந்துவிடும். கிராமத்துப் பிரசவம் ஷேர் ஆட்டோவில் நடக்கும்.

பணமில்லை என்ற சாக்கு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1992இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்த ஒரு விவசாயத் தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பின. படுக்கை இல்லை, வசதி இல்லை என்றார்கள். 1996இல் உச்ச நீதிமன்றம், உயிர்காக்கும் சிகிச்சை தருவது அரசின் கடமை, நிதி இல்லை என்பது சாக்காகாது என்று தீர்ப்பளித்தது. ஆம்புலன்ஸ் ஏற்பாட்டையும் சேர்த்தே சொன்னது. சட்டம் தெளிவு, தயக்கமெல்லாம் பட்ஜெட்டில்தான்.

பட்டம் பெற்ற பிள்ளைகளே, உங்களில் சிலர் நர்ஸாகவும், சிலர் கணக்கராகவும், ஓரிருவர் கோட்டையில் அதிகாரியாகவும் அமர்வீர்கள். ஒருநாள் உங்கள் மேஜைக்கு ஒரு கோப்பு வரும்: 'இந்த வண்டிக்குப் போதிய அழைப்புகள் இல்லை, எடுத்துவிடலாமா?' கையெழுத்திடும் முன், அடுத்த வண்டி அந்த ஊருக்கு வந்து சேர எத்தனை நிமிடம் ஆகும் என்று கேளுங்கள். பதில் வரும்வரை கையெழுத்திடாதீர்கள்.