வானம் பார்த்த பூமியில் வானம் பார்ப்பது யார்?

(ரோகித் வெமுலாவின் 10ஆம் ஆண்டு நினைவு நாளில், 2026 ஜனவரி 17 அன்று மாலை ஓசூரில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும், ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கும் தோழர்களுக்கும் ஜெய்பீம்.

இன்று காணும் பொங்கல். நாளை தை அமாவாசை. பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் இதற்கு ஆயிரம் பலன் சொல்வார்கள். என்னைப் போன்ற வானம் பார்க்கும் பைத்தியங்களுக்கு ஒரே பலன்தான்: இன்றிரவு நிலா கிடையாது, வானம் இருட்டாக இருக்கும். பேச்சு முடிந்ததும் எல்லோரும் மொட்டை மாடிக்குப் போகப் போகிறோம். அதனால் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்.

நான் வானியல் படித்தவன் இல்லை. என்னுடைய முனைவர் பட்ட ஆய்வு நம் சிப்காட் பகுதியின் ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றியது. வானம் எனக்குப் பொழுதுபோக்கு. நினைவு நாள் கூட்டத்தில் பொழுதுபோக்கைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் ரோகித் வெமுலாவை நினைவுகூர எனக்குத் தெரிந்த நேரான வழி இதுதான். அவரும் என்னைப் போல ஓர் ஆய்வு மாணவர். உயிரியல் படித்து, பிறகு அறிவியலுக்கும் சமூகத்துக்கும் உள்ள உறவைப் பற்றிய ஆய்வுக்கு வந்தவர். கார்ல் சாகனைப் போல அறிவியல் எழுத வேண்டும் என்பது அவருடைய ஆசை. கடைசிக் கடிதத்திலும் அதைத்தான் எழுதினார். நட்சத்திரங்களை நேசித்ததாக எழுதினார். அதே கடிதத்தில், தனக்கு 7 மாத உதவித்தொகை, 1 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய், வர வேண்டியிருக்கிறது என்றும் எழுதினார். இந்த இரண்டும் ஏன் ஒரே கடிதத்தில் வந்தன என்பதுதான் இன்றைக்கு நான் பேச நினைப்பது.

முதலில் எங்கள் ஊர்க் கதை. சூளகிரி பக்கம் ஒரு காலனி. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பாதி வானம் பார்த்த பூமி என்பது உங்களுக்குத் தெரியும். என் தாத்தா பண்ணையாள். மூன்றாம் சாமத்தில் எழுந்து போய் ஆண்டையின் கிணற்றில் கவலை இறைக்க வேண்டும். வீட்டில் கடிகாரம் கிடையாது. எந்த மீன் எங்கே நின்றால் எழ வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். ஆயா விடிவெள்ளியைப் பார்த்துத்தான் களி கிண்ட அடுப்பு மூட்டும். விடிவெள்ளி சில மாதம் காலையில் வராது, அப்போது மாலையில் மேற்கே தெரியும், இரண்டும் ஒன்றே என்று எனக்கு முதலில் சொன்னது பாடப்புத்தகம் இல்லை, ஆயாதான். இதை வானியல் என்று யாரும் சொல்லவில்லை. கூலிக்காரர்களுக்குத் தெரிந்திருந்தால் அது வெறும் பழக்கம். அதையே பூணூல் போட்டவர் ஓலையில் எழுதி வைத்தால் சாஸ்திரம்.

2009ஐ உலக வானியல் ஆண்டாகக் கொண்டாடினார்கள். கலிலியோ தொலைநோக்கியை வானத்தை நோக்கித் திருப்பி 400 ஆண்டுகள். அப்போது நான் பதினொன்றாம் வகுப்பு. ஓர் ஆசிரியர் தமிழில் ஒரு நட்சத்திர வரைபடம் கொடுத்தார். அப்பா பெங்களூரு சண்டே பஜாரில் ஒரு பழைய பைனாகுலர் வாங்கி வந்தார். அவருடைய இரண்டு நாள் கூலி. அந்த டிசம்பரில் ஜெமினிட் விண்கல் மழை, அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு. காலனியைச் சுற்றி வீடுகளும் புளியமரமும் மறைக்கும் என்பதால் ஏரிக்கரைக்குப் போனேன்.

பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். ஊருக்குள் இருப்பவர்கள்.

“யார் ஊட்டுப் பையன்டா நீ? இந்நேரத்துல இங்க என்னா பண்ற?”

“நட்சத்திரம் பாக்கறேண்ணா.”

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் ஒருவர் கேட்டார், “எந்தத் தெரு?”

சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

“நட்சத்திரமா? யார் ஊட்டு மாடியப் பாக்க வந்த?”

பைனாகுலரைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அடிக்கவில்லை. அடிக்காமல் விட்டதே பெரிய உதவி என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். மறுநாள் காலை அப்பா போனார். துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, நான் செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டு, பைனாகுலரை வாங்கி வந்தார். எங்கேயோ போட்டு உள்ளே கண்ணாடி நகர்ந்திருந்தது. அதன் பிறகு அதில் ஒரு நிலா இரண்டாகத் தெரியும். அப்பா அன்றைக்கு என்னிடம் ஒன்றும் பேசவில்லை. வானம் பார்ப்பதை விட்டுவிடு என்றும் சொல்லவில்லை.

வானம் எல்லோருக்கும் பொது என்று சொல்வார்கள். வானம் பொதுதான் தோழர்களே. நின்று பார்க்கும் தரை பொது இல்லை. ஒரு நட்சத்திரத்தைப் பார்க்க இருட்டு வேண்டும், ஓய்வு வேண்டும், இரவில் ஓரிடத்தில் சந்தேகத்துக்கு ஆளாகாமல் நிற்கும் உரிமை வேண்டும். இந்த மூன்றையும் இந்த நாட்டில் சாதிதான் பங்கு வைக்கிறது. என் தங்கைக்கு வானத்தின் மேல் என்னைவிட ஆசை அதிகம். எனக்கு ஏரிக்கரையில் மறுக்கப்பட்டது, அவளுக்கு வாசற்படியிலேயே மறுக்கப்பட்டது. மறுத்தவர்களில் நானும் ஒருவன். அதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

வானத்துக்கே சாதி போட்டு வைத்திருக்கிறார்கள் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஜாதகப் பொருத்தத்தில் வர்ணப் பொருத்தம் என்று ஒன்று உண்டு. கடகம், விருச்சிகம், மீனம் பிராமண ராசிகள். மேஷம், சிம்மம், தனுசு சத்திரியர். ரிஷபம், கன்னி, மகரம் வைசியர். மிதுனம், துலாம், கும்பம் சூத்திரர். கிரகங்களிலும் குருவும் சுக்கிரனும் பிராமணர், சனி சூத்திரன். இன்றிரவு மாடியில் பாருங்கள், வியாழன் இருப்பது மிதுனத்தில். பிராமண குரு சூத்திர வீட்டில் பல மாதமாகத் தங்கியிருக்கிறார். தீட்டுப் பட்டு ஒளி குறைந்ததாகத் தெரியவில்லை. ஒரு வாரம் முன்புதான் பூமிக்கு நேர் எதிரே வந்தது. இந்த ஆண்டிலேயே மிகப் பிரகாசமாக இருக்கும் நாட்கள் இவை.

அந்தக் கணக்காவது சரியாக இருக்கிறதா? திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனிப்பெயர்ச்சி 2025 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026 மார்ச்சில்தான். திருநள்ளாறு கோயில் வாக்கியத்தைப் பின்பற்றுகிறது. இருப்பது ஒரு சனிக்கோள், பெயர்ச்சி ஓர் ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை. இந்தக் கணக்கை வைத்துத்தான் நம் வீட்டுப் பெண்களுக்குச் செவ்வாய் தோஷம் என்று முத்திரை குத்துகிறார்கள். தை முதல் நாள் சூரியன் வடக்கே திரும்புவதாகச் சொல்கிறோம். சூரியன் டிசம்பர் 21, 22லேயே திரும்பிவிடுகிறது. பூமியின் அச்சு பம்பரம் போல மெதுவாகச் சுற்றுவதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதால் வந்த பிழை இது. பொங்கலை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அறுவடையைக் கொண்டாட உழைத்தவனுக்கு யார் நாள் குறித்துக் கொடுக்க வேண்டும்?

இந்தப் பிழையை அரசாங்க அறிக்கையாகவே எழுதி வைத்தவர் ஒருவர் இருக்கிறார். மேகநாத் சாகா. டாக்கா அருகே ஒரு கிராமத்தில் 1893இல் பிறந்தார். அப்பாவுக்குச் சின்ன மளிகைக் கடை. சாதி இந்துக்கள் தாழ்வாக வைத்திருந்த சாதி. 1905இல், வங்கப் பிரிவினையை எதிர்த்து, கவர்னர் வருகையைப் புறக்கணித்த மாணவர்களோடு சேர்ந்ததற்காக அவரைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். உதவித்தொகையையும் நிறுத்தினார்கள். கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் படித்தபோது, விடுதியில் மற்ற மாணவர்கள் அவரோடு சேர்ந்து சாப்பிட மறுத்தார்கள். சரஸ்வதி பூஜை மேடையில் ஏற விடவில்லை. படிப்புக்கான சாமியைக் கும்பிடக்கூட ஒரு மாணவனுக்குத் தகுதி இல்லையாம்.

அந்த மாணவர் 1920இல் ஒரு சமன்பாட்டை வெளியிட்டார். நட்சத்திர ஒளியைப் பிரித்தால் நடுநடுவே கருப்புக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு நட்சத்திரத்திலும் கோடுகள் வேறு வேறாக இருப்பது ஏன் என்று யாருக்கும் விளங்காமல் இருந்தது. வெப்பமும் அழுத்தமும் மாறும்போது அணுக்கள் எலக்ட்ரானை இழக்கும் அளவு மாறுகிறது, அதனால்தான் கோடுகள் மாறுகின்றன என்று சாகா கணக்குப் போட்டுக் காட்டினார். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் 1925இல் சிசிலியா பெய்ன் என்ற பெண், நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என்று கண்டுபிடித்தார். சாப்பாட்டு மேசையில் தள்ளி உட்கார வைக்கப்பட்டவர் சொல்லித்தான், நட்சத்திரம் எவ்வளவு சுடுகிறது என்று உலகம் தெரிந்துகொண்டது. பிறகு நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் தலைவராக இருந்தார். நம் பஞ்சாங்கங்களின் ஆண்டுத் தொடக்கம் 23 நாள் விலகிக் கிடக்கிறது என்று 1955இல் அறிக்கை கொடுத்தார்.

1905க்கும் 2015க்கும் நடுவில் 110 ஆண்டுகள். தண்டனை மாறவில்லை. உதவித்தொகையை நிறுத்துவது, வெளியேற்றுவது. ரோகித்தையும் மற்ற நான்கு மாணவர்களையும் விடுதியிலிருந்து வெளியேற்றியபோது, வளாகத்திலேயே வெட்டவெளியில் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். அதற்கு வெலிவாடா என்று பெயர் வைத்தார்கள். இங்கே தெலுங்கு பேசும் தோழர்களுக்கு அந்தச் சொல்லை நான் விளக்க வேண்டியதில்லை. ஊருக்கு வெளியே இருக்கும் சேரி. நட்சத்திரங்களை நேசித்த ஒருவருக்குக் கூரையைப் பிடுங்கிவிட்டு வானத்தைக் கொடுத்தார்கள். ஜனவரிக் குளிரில் அப்படிக் கிடைக்கும் வானத்தை யார் ரசிக்க முடியும்?

மனிதன் நட்சத்திரத் துகளால் ஆனவன் என்று ரோகித் எழுதியதைக் கவிதை என்று பலர் பாராட்டுகிறார்கள். அது கவிதை மட்டும் இல்லை, உண்மை. உங்கள் எலும்பில் இருக்கும் கால்சியம், இரத்தத்தில் இருக்கும் இரும்பு எல்லாம் ஏதோ ஒரு நட்சத்திரத்துக்குள்ளோ அது வெடித்தபோதோ உண்டானவை. அக்கிரகாரத்துக்கு ஒரு நட்சத்திரம், காலனிக்கு ஒரு நட்சத்திரம் என்று அங்கே தனித்தனி உலை கிடையாது. இரத்தத் தூய்மை பேசுகிறவர்களுக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியாது.

ஆனால் ஒரு வேண்டுகோள். ரோகித் நட்சத்திரமாகிவிட்டார் என்று மட்டும் யாரும் எழுதாதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் போஸ்டரில் பார்க்கிறேன், மனம் வலிக்கிறது. அவர் நட்சத்திரமாக ஆசைப்பட்டவர் இல்லை. நட்சத்திரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர். அதற்கு உயிரோடு இருக்க வேண்டும். மாதா மாதம் உதவித்தொகை வர வேண்டும், ஓர் அறை வேண்டும், இரவில் நிம்மதியாக உட்கார ஒரு மாடி வேண்டும். ஆய்வு மாணவனுக்கு உதவித்தொகைதான் தொலைநோக்கி. எனக்கும் ஒருமுறை பல மாதம் தொகை வராமல் நின்றுபோனது. அந்த மாதங்களில் நான் வானத்தைப் பார்க்கவே இல்லை. கடன்காரன் போனை எடுக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பேச எனக்கு நாலு நண்பர்கள் இருந்தார்கள், தப்பித்தேன். பிள்ளைகளே, உங்களில் யாருக்காவது அப்படி ஒரு காலம் வந்தால் தனியாகச் சுமக்காதீர்கள். எங்களிடம் வாருங்கள். நள்ளிரவானாலும் வாருங்கள்.

என்ன செய்யலாம்? பெரிதாக ஒன்றும் இல்லை. காலனிகளில் நாம் நடத்தும் ஒவ்வோர் இரவுப் பாடசாலைக்கும் ஒரு பைனாகுலர் வாங்குவோம். பெண் பிள்ளைகள் முதலில் பார்க்கட்டும். வாணியம்பாடி வழியாகப் போனால் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. ஜவ்வாது மலையில், 1986இல் திறந்த 2.3 மீட்டர் தொலைநோக்கி நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. ஒரு வண்டி பிடித்துப் பிள்ளைகளைக் கூட்டிப்போவோம். 1988இல் அங்கே கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர் வைத்தார்கள். நம் பிள்ளைகள் கண்டுபிடிப்பவற்றுக்கும் பெயர் வைக்க வேண்டிய நாள் வரும்.

சிப்காட் விளக்கும், ராயக்கோட்டைப் பக்கம் சாமந்தித் தோட்டத்தில் இரவெல்லாம் எரியும் பல்புகளும் நம் வானத்தை வெளுக்க வைத்துவிட்டன. அதற்காக இருட்டைப் புகழ நான் வரவில்லை. தெருவிளக்குக்காக மனு மேல் மனு கொடுத்த காலனியிலிருந்து வந்தவன் நான். விளக்கு வேண்டும். மேலே மூடி போட்டு, வெளிச்சம் தெருவில் விழும்படி வைக்கட்டும். பெண்கள் பயமில்லாமல் நடக்கலாம், நட்சத்திரமும் தெரியும்.

சரி, மாடிக்குப் போகலாம். கிழக்கே எல்லாவற்றையும்விடப் பளிச்சென்று, மினுக்காமல் தெரிவது வியாழன். பைனாகுலரைச் சுவரில் ஊன்றிப் பிடித்தால் பக்கத்தில் சின்னப் புள்ளிகள் தெரியும். 1610இல், இதே ஜனவரியில், கலிலியோ பார்த்த நிலாக்கள் அவை. வியாழனுக்கு வலப்புறம் சற்றுக் கீழே வெள்ளையாக ஒரு நட்சத்திரம், புரோசியான். அதன் ஒளி நம்மிடம் வந்து சேர 11 ஆண்டுகளுக்குச் சற்று அதிகமாகும். இன்றிரவு நீங்கள் பார்க்கப்போகும் ஒளி 2014இல் அங்கிருந்து கிளம்பியது. அப்போது ரோகித் உயிரோடு இருந்தார். ஹைதராபாத்தில் படித்துக்கொண்டிருந்தார்.

வரிசையில் வாருங்கள். தள்ளாதீர்கள். எல்லோருக்கும் கிடைக்கும்.

ஜெய்பீம்.