சபையில் ஒலித்த பெண்குரல்

(பரிசளிப்பு விழாவில் நிகழ்த்திய உரை)



சட்டமன்ற உறுப்பினர் என்றதும் நம் பிள்ளைகளுக்கு ஞாபகம் வருவது என்ன? ‘ஒய்.பி. வந்தாரு, மாலை போட்டாங்க, மானியம் தர்றேன்னு சொன்னாரு.’ அதுவும் வேண்டியதுதான். ஆனால், சபையில் அந்த நாற்காலி எதற்காகப் போடப்பட்டிருக்கிறது? ஒரு தமிழ்ப்பெண்ணின் வாழ்க்கை அதைச் சொல்லும். அவர்தாம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

1886-ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி கல்வி கற்றவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். சிறு பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கம் அந்த மரபில் இருந்தது. பொட்டுக் கட்டிய பெண்ணுக்கு ஊரைப்போல் கல்யாணம் கிடையாது. ஏச்சும் பேச்சும்தான் மிச்சம்.

ஆண்பிள்ளைகள் படித்த மன்னர் கல்லூரியில் முத்துலட்சுமி சேர வந்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் இடம் கொடுத்தார். தந்தையார் துணை நின்றார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறி டாக்டரானார்.

1926-இல் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபை உறுப்பினரான முதல் பெண் அவரே. 1927-இல் சபையின் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பதவி கிடைத்ததென்று சும்மா இருந்தாரா? பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்று சபையில் எழுந்து பேசினார். ‘இது பழைய சம்பிரதாயமாச்சே’ என்று எதிர்த்தவர்களும் உண்டு. அவர் பின்வாங்கவில்லை.

1930-இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துப் பதவியை உதறினார். நாற்காலி போனது, வேலை நிற்கவில்லை. அடைக்கலம் தேடி வந்த பெண்களுக்காக ஔவை இல்லத்தைத் தொடங்கினார். பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947-இல்தான் நிறைவேறியது. சபையை விட்டு அவர் வெளியேறிப் பதினேழு ஆண்டுகள் கழித்து!

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். அந்தத் துயரம் 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய இடம், பின்னர் நாடறிந்த நிலையமானது. 1968-இல் அம்மையார் மறைந்தார்.

பெற்றோர்களே, ‘பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு எதுக்கு? தம்பி தங்கச்சியைப் பாத்துக்கட்டும்’ என்று நம் தோட்டங்களில் எத்தனை பிள்ளைகளைப் பாதியில் நிறுத்தினோம்! புதுக்கோட்டைத் தகப்பனார் அப்படி நினைத்திருந்தால், ஒரு டாக்டர் மட்டுமா இல்லாமல் போயிருப்பார்? வாய் திறக்க முடியாத ஆயிரம் பெண்களுக்காகச் சபையில் பேசிய வாயும் அல்லவா அடைபட்டிருக்கும்!

செல்வங்களே, இன்று மேடையேறிப் பரிசு வாங்குகிறீர்கள். நாளை எந்தச் சபையில் உட்கார்ந்தாலும், அங்கே வர முடியாதவருக்காக ஒரு வார்த்தை பேசுங்கள். பதவிக்கு அதுவே பெருமை.